பதினேழரை அக்காவின் இரண்டாவது ஆர்டர்

பதினேழரை அங்குலம். தரையிலிருந்து உட்காரும் பலகையின் மேல்பக்கம் வரை அவ்வளவுதான். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் செய்த முக்காலிகள் ஆறாயிரத்துச் சொச்சம். அதில் ஒன்றுகூட இந்த உயரத்தைவிட ஒரு நூல் கூடியதில்லை, குறைந்ததில்லை. தெருவில் அவருக்குப் பெயரே பதினேழரை அக்கா. அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பார்சல் கொண்டுவரும் பையன்கள் முகவரியைப் படிப்பதில்லை, "பதினேழரைக்கு ஒண்ணு" என்று சொல்லி வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இந்த உயரம் எப்படி வந்தது என்பதை அக்கா யாரிடமும் சொல்வதில்லை. மனித முழங்காலின் உயரம் அதுதான் என்பார். யாருடைய முழங்கால் என்று கேட்டால் பதில் வராது. உண்மையில், அவர் முன்பு மரப்பெட்டித் தொழிற்சாலையில் கட்டை அறுத்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலை அட்டைப்பெட்டிக்கு மாறியபோது, மிச்சம் கிடந்த கட்டைகளை வேலை போனவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். அவர் பங்கில் வந்த கட்டைகள் எல்லாம் ஒரே நீளம். முனையைச் செதுக்கிப் பலகையில் சொருகி, கால்களின் சாய்வும் போக, தரையிலிருந்து பதினேழரை வந்தது. கட்டைகள் தீர்ந்த பிறகும் அளவு மாறவில்லை. அவரிடம் ஒரு குச்சி இருக்கிறது. அதில் எண் கிடையாது, வெட்டுகள் மட்டும். இந்த வெட்டு காலுக்கு, இந்த வெட்டு பலகையின் அகலத்துக்கு, இது துளைக்கு. ஆறாயிரம் முக்காலியும் அந்தக் குச்சிக்குப் பிறந்தவை.

வீட்டின் முன்னறை கடை, பின்னறை பட்டறை. நடுவில் கதவில்லாத வாசலில் மரத்தூள் இந்தப் பக்கம் வராமலிருக்க ஒரு பழைய போர்வை தொங்குகிறது. போர்வைக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தம்பி. அக்காவுக்கு ஐம்பத்துநாலு, தம்பிக்கு நாற்பத்தேழு. அக்கா செய்வார், தம்பி விற்பார். பதினைந்து ஆண்டுகளாக இதுதான் ஏற்பாடு. ஆனால் விற்பது என்பது அவர் வேலையில் பாதிதான். மீதிப் பாதி, இல்லை என்று சொல்வது.

"இதே மாதிரி கொஞ்சம் உயரமா கெடைக்குமா?"

"கெடைக்காதும்மா."

"கொஞ்சம் தாழ்வா?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்னதான் இருக்கு?"

"இதான் இருக்கு. உக்காந்து பாருங்க. கால் எட்டலைன்னா செருப்பப் போட்டுக்கிட்டு உக்காருங்க."

ஆர்டர் எடுக்கவே மாட்டோம் என்ற விதிக்குக் காரணம், பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு எடுத்த ஒரே ஒரு ஆர்டர். ஒரு வங்கி மேலாளர் முக்காலி ஒன்று வேண்டும் என்றார், கொஞ்சம் பெரியதாக. செய்து வைத்ததும் கை வைக்க ஏதாவது இருந்தால் தேவலை என்றார். கை வைத்ததும் முதுகுக்கு ஒரு சாய்மானம் கேட்டார். சாய்மானம் வைத்ததும் அது பின்பக்கம் கவிழ்ந்தது. மூன்று காலில் சாய்மானம் நிற்காது. அக்கா நாலாவது காலை வைத்தார். ஆறு வாரம் கழித்து வந்த மேலாளர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "நான் முக்காலிதான கேட்டேன்" என்றார். அக்கா போர்வைக்குப் பின்னால் போனவர், இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் தம்பியிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "கொஞ்சம்னு சொல்றாங்களே, அது எத்தன அங்குலம்னு எவனுக்காவது தெரியுமா?"

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீ முடிந்ததும் தம்பி ஒரு உறையை நீட்டினார். அக்கா கையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுப் பிரித்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். ராஜினாமாக் கடிதம்.

"மதிப்பிற்குரிய உரிமையாளர் அவர்களுக்கு. யாருடா இது?"

"நீதான்."

"மதிப்பிற்குரியன்னு போட்டிருக்கே."

"அவ எழுதினா. நான் சொல்லல." அவ என்றது தம்பியின் மனைவியை. வீட்டில் அவருக்குத்தான் கையெழுத்து நன்றாக இருக்கும்.

மெயின் ரோட்டு முனையில் புதிதாகத் திறந்திருக்கும் கட்டில் கடையில் தம்பியை விற்பனைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும்.

"அங்க பதினாலு மாதிரி கட்டில் இருக்குக்கா. மடக்கறது, இழுக்கறது, அடியில அலமாரி வெச்சது."

"கட்டில்ல படுத்துத் தூங்கத்தான செய்யணும். பதினாலு விதமாவா தூங்குவாங்க?"

"அது இல்லக்கா. பதினஞ்சு வருஷமா இல்ல இல்லன்னே சொல்லிட்டிருக்கேன். வீட்ல புள்ள தண்ணி கேட்டாக்கூட வாய் தானா இல்லங்குது. அது என்னைப் பாக்குது, சொம்பு என் கையில இருக்கு."

அக்கா கடிதத்தை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். தம்பி போனால் கடை என்ன ஆகும் என்பது இருவருக்குமே தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் தம்பிக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் கடைக்கு வரவில்லை. அக்கா தனியாகக் கடையைப் பார்த்துக்கொண்டார். முதல் நாள் மதியமே கதவில் ஒரு காகிதம் ஏறியது: "எல்லாம் ஒரே அளவு. விலை உள்ளே ஒட்டியிருக்கிறது. கேள்விகள் வேண்டாம்." அந்த நாலு நாளில் ஒரு முக்காலிகூட விற்கவில்லை. உள்ளே வந்தவர்களில் ஒருவர், மணி என்ன என்று கேட்டதற்காக விரட்டப்பட்டார்.

"ஒரே ஒரு ஆர்டர் எடு," என்றார் தம்பி. "சரியா வந்தா, இனிமே எடுக்கலாம்னு நீ ஒரு வார்த்த சொல்லு. நான் எங்கயும் போகல. சரியா வரலையா, நான் கட்டில் கடைக்குப் போறேன். கோவமில்லாம போறேன்."

மூன்று நாள் பதில் இல்லை. ஆனால் போர்வைக்கு அந்தப் பக்கம் இழைப்புளியின் சத்தம் வேகமானது. வழக்கமாக ஒரு நாளைக்கு ஒரு முக்காலி செய்பவர், மூன்று நாளில் ஐந்து செய்துவிட்டார். நாலாம் நாள் போர்வை விலகியது.

"கொஞ்சம்னு சொல்லாத ஆளாப் பாரு."

அது சுலபமாக இருக்கவில்லை. முதலில் வந்த பாட்டு டீச்சர் "ஆர்டர் எடுக்கறீங்களா, நல்லதாப் போச்சு, இத விடக் கொஞ்சமே கொஞ்சம்..." என்று ஆரம்பித்ததும் தம்பியே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். இன்னொருவர் கொஞ்சம் என்று சொல்லவில்லை. கையை இடுப்புக்குப் பக்கத்தில் வைத்து "இவ்ளோ" என்றார். பேசப் பேசக் கை இறங்கிக்கொண்டே போனது.

அப்போதுதான் எதிர்ச்சாரியில் இருக்கும் தையல்காரர் வந்தார். நாற்பது ஆண்டுத் தொழில், கழுத்தில் எப்போதும் அளவு டேப். புது மேஜையில் மிஷினைப் பொருத்தியதில் அது உயர்ந்துவிட்டது, அதனால் நாற்காலிமேல் தன் பழைய அளவு நோட்டுகள் மூன்றை அடுக்கி உட்கார்ந்திருந்தார். அதாவது, பன்னிரண்டு ஆண்டு வாடிக்கையாளர்களின் இடுப்பளவுகள்மேல்.

"இருபது அங்குலம்," என்றார் கடைக்குள் வந்ததுமே. "நோட்டோட சேத்து அளந்துட்டேன். கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

போர்வைக்குப் பின்னாலிருந்து அக்கா தலையை நீட்டினார். வாடிக்கையாளர் இருக்கும்போது அவர் தலை வெளியே வந்தது ஆண்டுக்கணக்கில் அதுவே முதல்முறை.

"சரியா இருபதா மாஸ்டர்?"

"ஏம்மா, அளவுங்கறது எனக்குச் சோறு போடற விஷயம். எங்கிட்டயா கேக்கற?"

அக்காவுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போனது. எண் தெரிந்த மனிதர். தொழிலே அளவு. இவர் சொன்னால் சொன்னதுதான்.

குச்சியில் இருபதுக்கு வெட்டு இல்லை. அக்கா பெட்டித் தொழிற்சாலைக் காலத்து எஃகு அளவுகோலை எடுத்துத் துரு தேய்த்தார். பழைய சாய்வில் நீளமான கால்களை வைத்துப் பார்த்தபோது, முக்காலி காலை அகட்டிக்கொண்டு நின்றது. தையல்மிஷினின் மிதியில் இடிக்கும். துளையிடும் சாய்வை மாற்றினார். ஒரு பலகை வெடித்தது. இன்னொன்றை எடுத்தார். தம்பி போர்வையை விலக்கி எட்டிப் பார்க்கும்போதெல்லாம், அக்கா எண்களைச் சத்தமாகச் சொல்லி அளந்துகொண்டிருந்தார்.

"நல்லாத்தான வருது?" என்றார் தம்பி.

"வாய வெக்காத."

நாலாம் நாள் முக்காலி முடிந்தது. மூன்று காலும் தரையில் நிற்க, பலகையின் மேல்பக்கம் எஃகு அளவுகோலில் இருபது. அக்கா நாலு இடத்தில் வைத்துப் பார்த்தார். இருபது. தம்பியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். இருபது.

இரண்டு பேரும் தெருவைக் கடந்து தையல்கடைக்குப் போனார்கள். தம்பி முக்காலியைத் தூக்கிக்கொண்டார். அக்கா சும்மா வந்தார், ஆனால் தம்பியைவிட அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. தையல்காரர் அளவு நோட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, நாற்காலியை ஓரம் தள்ளி, முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மிதியை நாலு தடவை மிதித்தார். துணி ஒன்றை ஊசிக்கடியில் விட்டு ஓட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"கொஞ்சம் தாழ்வா இருக்கு."

தம்பி கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் பதினாலு கட்டில்கள் வரிசையாக நின்றிருக்க வேண்டும்.

"இருபது," என்றார் அக்கா.

"இருக்காது."

"மாஸ்டர், இருபது."

தையல்காரர் கழுத்திலிருந்து டேப்பை உருவி முக்காலியின் பக்கத்தில் பிடித்தார். "பாரு. பத்தொம்பதரை."

அக்கா தெருவைக் கடந்து போய், எஃகு அளவுகோலுடன் திரும்பி வந்தார். அதை நிறுத்தினார். இருபது.

"ஒன் கோல் தப்பு."

"இரும்பு எப்படி மாஸ்டர் தப்பாகும்?"

"நாப்பது வருஷமா இந்த டேப்புதான். இந்தத் தெருவே இதுல அளந்த துணியத்தான் போட்டிருக்கு."

இதற்குள் கடை வாசலில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். எதற்காக என்று தெரியாமலே நின்றவர்கள் நாலு பேர். ஹார்ட்வேர் கடைக்காரர் ஓடிப்போய், இன்னும் பிரிக்காத புது டேப் ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தார். இருபது என்றது அது. பிறகு மூன்றையும் வெட்டுமேஜையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். எஃகு அளவுகோலும் புது டேப்பும் கோடு கோடாக ஒத்துப்போயின. தையல்காரரின் துணி டேப் மட்டும் மெல்ல மெல்ல விலகிப்போய், அதன் இருபதாம் கோடு மற்றவற்றின் இருபதரையில் வந்து விழுந்தது. நாற்பது ஆண்டு இழுத்த இழுப்பில் டேப் நீண்டிருந்தது.

எல்லோரும் குனிந்து அவரவர் பேன்ட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அதான் என் பேன்ட் தெருவைக் கூட்டுதா?" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர். அவருடைய பேன்ட் செருப்பைத் தாண்டித் தரையில் புரண்டுகொண்டிருந்தது. "நாப்பது வருஷமா எங்க எல்லாருக்கும் எச்சாத் தெச்சிருக்கீங்க மாஸ்டர்."

"நெஜந்தான்பா," என்றார் இன்னொருவர், கச்சிதமான சட்டையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே. எங்கும் தொளதொளப்பு அகப்படவில்லை.

தையல்காரர் முக்காலியிலிருந்து எழுந்தார். முகம் சிவந்திருந்தாலும் குரல் உயரவில்லை.

"யோவ், ஒன்ன எதால அளந்தேன்?"

"இந்த டேப்பாலதான்."

"துணிய எதால வெட்டினேன்?"

அந்த மனிதர் யோசித்தார். "இதாலதான்."

"அளந்ததும் இது, வெட்டினதும் இது. ஒன் இடுப்ப இது கொறச்சு சொன்னா, துணியவும் கொறச்சுத்தான சொல்லும்? அப்ப எங்கய்யா தப்பு?"

கூட்டம் இதை மனத்துக்குள் போட்டுப் பார்த்தது. மூன்று பேர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார்கள். சரியாகத்தான் வந்தது.

"அப்ப என் பேன்ட்?" என்றார் தபால்காரர்.

"நீங்க என்னைக்கு சார் அளவு குடுக்க வந்தீங்க? வீட்ல அம்மா அளந்து சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. நீங்க சீட்டக் கொண்டு வந்தீங்க. அந்த அம்மா டேப்பு வேற, என் டேப்பு வேற."

தபால்காரர் குனிந்து பேன்ட்டின் நுனியை மடித்துவிட்டுக்கொண்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

சிரிக்காமல் நின்றது அக்கா மட்டும். அவர் அந்தப் பழைய துணி டேப்பைக் கையில் எடுத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி பக்கத்தில் வந்து மெதுவாக, "போலாங்க்கா. பரவால்ல. கோவமில்ல," என்றார். அவருக்கு உண்மையில் அழுகை வந்துகொண்டிருந்தது.

"இருடா," என்றார் அக்கா. "மாஸ்டர், மறுபடி உக்காருங்க."

பிறகு அவர் மூன்றாம் தடவையாகத் தெருவைக் கடந்தார். திரும்பி வந்தபோது முன்றானையில் மெல்லிய மரச் சில்லுகள், கக்கத்தில் பழைய குச்சி. மண்டியிட்டு, மூன்று காலுக்கடியிலும் ஒவ்வொரு சில்லாகச் சொருகினார்.

"இப்ப?"

"இன்னும்."

காலுக்கு இன்னொரு சில்லு. "இப்ப?"

தையல்காரர் மிதித்துப் பார்த்தார். "இன்னும் ஒரு இது."

அந்த ஒரு இது எத்தனை அங்குலம் என்று அக்கா கேட்கவில்லை. காகிதம்போல இழைத்த சில்லுகளைக் காலுக்கொன்றாகத் தள்ளினார். மிஷின் ஓடியது. நீளமாக, நிற்காமல் ஓடியது. தையல்காரர் ஒரு சட்டைக் கையை முழுதாக முடித்துவிட்டுத்தான் தலை தூக்கினார்.

"இதான்."

அக்கா குச்சியைப் பக்கத்தில் நிறுத்தி, பலகை தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். எண் பார்க்கவில்லை. அளவுகோல் வெட்டுமேஜையிலேயே கிடந்தது. சாயங்காலம் தையல்காரரின் பையன்தான் அதைக் கொண்டுவந்து கொடுத்தான்.

புது முக்காலி முடிய மூன்று நாள் ஆயிற்று. இந்தத் தடவை போர்வைக்குப் பின்னாலிருந்து எண் எதுவும் கேட்கவில்லை, பலகையும் வெடிக்கவில்லை. தையல்காரர் அதில் உட்கார்ந்து இரண்டு ஜாக்கெட் தைத்தார். கொஞ்சம் என்ற சொல்லே வரவில்லை. இருபது அங்குலத்து முக்காலியைத் தபால்காரர் எடுத்துக்கொண்டார். கூட்டம் கூடிய அன்று, எல்லோரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் அதில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருந்தார். அவருக்கு அது கச்சிதமாக இருந்ததாம். அவர் வாழ்க்கையில் கச்சிதமாக அமைந்தது அது ஒன்றுதான் என்று அவர் மனைவி தெருவில் சொன்னதாகக் கேள்வி.

அன்று மாலை, கடையைச் சாத்துவதற்கு முன், அக்கா போர்வையை விலக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்தார்.

"எடுக்கலாம்," என்றார்.

தம்பி கேட்காததுபோல் நின்றார். இன்னொரு தடவை சொல்ல வைக்கும் ஆசை.

"எடுக்கலாம்னு சொல்றேன்ல. ஆனா நம்பரோட எவனும் உள்ள வரக்கூடாது. சீட்டு, போன், கையக் காட்டி இவ்ளோன்றது, ஒண்ணும் கூடாது. ஆள் வரணும். உக்காரணும்."

"நம்பரோட வந்தா?"

"இல்லன்னு சொல்லு."

"மறுபடி நானேவா?"

"ஒனக்குத்தான அது நல்லா வரும்."

தம்பி சற்று யோசித்தார். "சரி. ஆனா வந்து உக்கார்ற ஆளுகிட்ட நீதான் பேசணும். எனக்குச் சில்லு வெக்கத் தெரியாது."

"பேசணுமா?" அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்துத் தம்பிக்கே பாவமாகிவிட்டது.

"இப்பன்னு கேக்கணும். அவ்ளோதான்."

"ஒரு வார்த்ததான?"

"ஒரு வார்த்ததான்."

அக்கா அந்த வார்த்தையை உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, தலையை ஆட்டினார்.

மறுநாள் தம்பி கட்டில் கடைக்குப் போய், வர முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கடை முதலாளி எத்தனை விதமாகக் கேட்டுப் பார்த்தும் ஒன்றும் எடுபடவில்லையாம்.

ஆர்டர்கள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்குகின்றன. முதல் ஆள் பல் டாக்டர். போனில் உயரம் சொல்லப் பார்த்தவர், இப்போது நேரில் வந்து உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார்.